முன்கால் வேறு, பின்கால் வேறு: வேட்டைநாய்க் குட்டியின் டியூ கிளாவை எடுக்கலாமா?

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என எந்த இனமாக இருந்தாலும், குட்டி போட்ட மூன்றாம் நாளுக்குள் வளர்ப்பவர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்துவிடும்: "டியூ கிளாவை எடுத்துடலாமா?" ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காலின் உட்புறத்தில், தரையில் படாமல் மேலே நிற்கும் அந்த நகம் முன்காலில் இருந்தால் ஒரு பொருள், பின்காலில் இருந்தால் வேறொரு பொருள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால்தான் இத்தனை குழப்பம். நான்கு காலிலும் ஒரே மூச்சில் வெட்டி எறிகிறவர்களும் இருக்கிறார்கள், எதையுமே தொடக்கூடாது என்று பின்காலில் ஆடித் தொங்குவதையும் விட்டுவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேர் கையிலும் துன்பப்படுவது நாய்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற நாய்க்கு முன்கால் கட்டைவிரலை எடுக்க வேண்டாம். பின்காலில் எலும்புப் பிடிப்பு இல்லாமல் தோலில் மட்டும் தொங்கும் விரல் இருந்தால் எடுக்கலாம். அதையும் பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், கால்நடை மருத்துவர் கையால்தான் எடுக்க வேண்டும்.

சாதாரணமாக ஒரு நாய்க்கு 18 நகம். முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு. முன்காலின் ஐந்தாவதுதான் டியூ கிளா. மனிதக் கையில் கட்டைவிரல் எதுவோ, அதுவே அது. ஒட்டிக்கொண்டு வளர்ந்த மிச்சமோ சதைத்துணுக்கோ அல்ல. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், மணிக்கட்டுக்குக் கீழே சிறிய அடியெலும்பு ஒன்று, அதன்மேல் மூட்டோடு இரண்டு விரலெலும்புகள், நுனியில் நகம் எனக் கோர்வையாகத் தெரியும். அந்த விரலை நீட்டத் தனித் தசைநாண், மடக்க ஒன்று, பக்கவாட்டில் இழுக்கச் சிறு தசைகள். ரத்தக்குழாயும் நரம்பும் உண்டு. நாய் எலும்பைக் கடிக்கும்போது முன்னங்கால்களுக்கு நடுவே அதைப் பிடித்துக்கொள்வதைக் கவனித்தால், அந்த விரல் உள்நோக்கி மடங்கி எலும்பை அழுத்துவது தெரியும்.

அதைவிட முக்கியமான வேலை ஓட்டத்தில்தான். நிற்கும்போதும் நடக்கும்போதும் டியூ கிளா தரையில் படாது. அதனால்தான் 'வேலையில்லாத நகம்' என்ற பேச்சு வந்தது. ஆனால் நாலுகால் பாய்ச்சலில் முழு எடையும் ஒரு முன்காலில் இறங்கும் நொடியில் மணிக்கட்டு பின்னோக்கி நன்றாக வளைந்து கொடுக்கிறது. மணிக்கட்டுக்குப் பின்புறம் உள்ள சிறிய மெத்தை தரையை நெருங்கும், பல சமயம் தரையிலேயே தேயும். அப்போது டியூ கிளாவும் மண்ணைத் தொடுகிறது. அதே வேகத்தில் நாய் சட்டென்று திரும்பினால், உட்பக்கக் கால் தரையில் ஊன்றி, மணிக்கட்டுக்குக் கீழ்ப்பகுதி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த முறுக்கத்துக்கு எதிராக மண்ணில் குத்திப் பிடிப்பது இந்த நகம். நேர்க்கோட்டில் ஓடும் நாயைவிட, இலக்கின் பின்னால் வளைந்து வளைந்து ஓடும் சிப்பிப்பாறை, கன்னி போன்றவற்றுக்கு இது கூடுதலாகத் தேவை.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தினமும் திறந்த வெளியில் ஓடும் நாயின் டியூ கிளாவைப் பாருங்கள். நுனி மழுங்கியிருக்கும். ஈரமான கரிசலில் ஓடிவிட்டு வந்தால் அந்த நகத்தின் உட்புறத்திலும் மண் அப்பியிருக்கும். கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு அதே நகம் கொக்கி போல வளைந்து வளர்ந்திருக்கும். தேய்வதே அது தரையைத் தொடுகிறது என்பதற்குச் சாட்சி.

நாய் விளையாட்டு மருத்துவத்தில் பெயர்பெற்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கிறிஸ்டின் ஜிங்க் இதை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். டியூ கிளா எடுக்கப்பட்ட விளையாட்டு நாய்களில் மணிக்கட்டுத் தேய்மானம் அதிகம் தென்படுகிறது என்பது, தாம் பார்த்த நாய்களை வைத்து அவர் சொல்லும் கருத்து. 2018இல் தடை தாண்டும் போட்டி நாய்களின் விரல் காயங்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. முன்கால் டியூ கிளா இல்லாத நாய்களுக்கு விரல் காயம் ஏற்படும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு என்று அதில் தெரிந்தது. உரிமையாளர்களிடம் கேட்டுத் திரட்டிய தகவல், வேறு இன நாய்கள் என்பதால் அதையே இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: நகத்தை நீளமாக வளரவிட்ட நாய்களுக்கும் விரல் காயம் அதிகம். டியூ கிளா பற்றிய பேச்சில் பாதிக்கு மேல் இங்கேதான் தீர்கிறது என்பது என் எண்ணம். சிக்கிக் கிழிவது பெரும்பாலும் விரலால் அல்ல, வெட்டாமல் விட்ட நகத்தால்.

எடுக்கச் சொல்பவர்களின் காரணங்களை ஒதுக்கித் தள்ளவும் கூடாது. சீமைக்கருவேலமும் இலந்தையும் மண்டிய காட்டில், முள்கம்பி வேலி போட்ட தோட்டத்தில் ஓடும் நாய்க்கு டியூ கிளா பிய்வது உண்மையிலேயே நடக்கிறது. பிய்ந்தால் ரத்தம் நன்றாக வரும், வலி கடுமையாக இருக்கும், நாய் ஒரு வாரம் நொண்டும். ஆனால் பிய்ந்த நகத்துக்கு வைத்தியம் உண்டு, நகம் சில மாதத்தில் மறுபடி வளரும். வெட்டிய விரல் வளராது. எப்போதாவது ஒரு நாய்க்கு ஒரு விரல் பிய்யலாம் என்பதற்காக ஏழு குட்டிகளின் 14 விரல்களை எடுப்பது கணக்காகவே சரிவரவில்லை. அப்படித் திரும்பத் திரும்பப் பிய்கிற நாய் என்று தெரிந்தால், அந்த ஒரு நாய்க்கு வளர்ந்த பிறகு மயக்கம் கொடுத்து எடுத்துவிடலாம்.

கால் 'சுத்தமாக' தெரியும் என்பதற்காகவும், வாங்குபவர் கேட்கிறார் என்பதற்காகவும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வைமரனர் போன்ற சில வெளிநாட்டு வேட்டை இனங்களுக்கு அமெரிக்கக் கென்னல் கிளப்பின் இனத்தரக் குறிப்பே எடுக்கச் சொல்கிறது, அந்தப் பழக்கம் இங்கும் ஒட்டிக்கொண்டது. மெல்லிய நீண்ட காலோடு பாயும் நம் நாய்களுக்கு அதை அப்படியே கொண்டுவந்து பொருத்த நியாயமில்லை.

பின்கால் கதையே வேறு. அங்கே ஐந்தாவது விரல் இருப்பது இயல்பு அல்ல, மரபணு மாற்றத்தால் வருவது. அது எந்த இடத்தில் என்பதைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். ஓங்கு பண்பாக இறங்குவது, அதாவது தாய் தகப்பனில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும், ஆனால் சுமக்கிற எல்லா நாயிடமும் வெளியே தெரிந்துவிடாது. அதனால்தான் தாய்க்கும் தகப்பனுக்கும் 18 நகம் இருந்தும் குட்டிகளில் ஒன்றுக்கு 20 வந்துவிடுகிறது. குட்டி மாறிப்போனதோ, கலப்போ என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. கூடுதல் நகம் இருந்தால் வீரம் அதிகம், விலை அதிகம் என்று பேசுவதற்கும் ஆதாரம் இல்லை.

பின்கால் கூடுதல் விரல் மூன்று விதமாக வரும். முதல் வகை, வெறும் தோலில் தொங்குவது. உள்ளே நகத்தைத் தாங்கும் சிறு எலும்பு மட்டும் இருக்கும், காலெலும்போடு மூட்டு கிடையாது. இதுதான் அதிகம். இரண்டாம் வகை, முன்கால் போலவே அடியெலும்போடு மூட்டு கொண்டது. மூன்றாவது, ஒரே காலில் இரட்டை விரல். பிரான்சின் போசெரான், பிரியார், கிரேட் பிரெனீஸ் போன்ற இனங்களுக்கு இரட்டைப் பின்விரல் இனத்தரத்திலேயே இருக்க வேண்டிய ஒன்று, அவற்றில் தொடவே மாட்டார்கள். நம் ஊர் ஓட்ட நாய்களுக்கு அப்படியொரு தேவை இல்லை. தோலில் தொங்கும் முதல் வகைக்கு எந்தத் தசைநாணும் வேலை செய்வதில்லை. தரையில் படாததால் நகம் தேயாமல் வட்டமாக வளர்ந்து சதைக்குள்ளேயே குத்தும், முள்ளிலும் கம்பியிலும் முதலில் மாட்டுவதும் இதுதான். எடுப்பதற்கு நியாயம் உள்ளது இந்த ஒன்றுக்குத்தான்.

எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தொட்டுப் பார்க்க வேண்டும். பிறந்த இரண்டாம் நாள், குட்டி பால் குடித்து அடங்கியிருக்கும்போது எடுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, உள்ளங்கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குட்டியை இடது உள்ளங்கையில் மல்லாத்தி, தலை உங்கள் மணிக்கட்டுப் பக்கம் வரும்படி வையுங்கள். வலது கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் முதலில் முன்கால் டியூ கிளாவின் அடியைப் பிடித்து மெல்ல அசையுங்கள். கீழே கெட்டியாக ஓர் எலும்பு நிற்பதும், அதற்குமேல் விரல் ஒரு திசையில் மட்டும் மடங்குவதும் தெரியும். கை அந்த உணர்வைப் பழகியதும் பின்காலுக்கு வாருங்கள். தொங்கும் வகையாக இருந்தால் எந்தப் பக்கமும் தடையில்லாமல் சுழலும், அடியில் மெல்லிய தோல் மட்டும் விரலுக்குள் நழுவும். தடை தென்பட்டால் மூட்டு இருக்கிறது என்று பொருள். அதை முன்கால் விரல் போல நினைத்து விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் மருத்துவர் தொட்டுப் பார்க்கட்டும்.

பார்த்ததை உடனே எழுதிவைப்பது நல்லது: குட்டி, பிறந்த எடை, முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம். ராஜபாளையக் குட்டிகள் எல்லாம் வெள்ளையாக ஒன்றுபோல் இருக்கும் என்பதால், முதுகில் வேறு வேறு இடத்தில் ஒரு சிறு அடையாளப் புள்ளி தேவைப்படும். கழுத்தில் நூல் கட்ட வேண்டாம். ஓரிரு வாரத்தில் எடை இரட்டிக்கும் வயது, நூல் கழுத்தை இறுக்கிவிடும்.

ஏன் மூன்றிலிருந்து ஐந்தாம் நாள்? திங்களன்று பிறந்திருந்தால் வியாழன் முதல் சனி வரை. அதற்கு முன்னால் குட்டியின் முழுச் சக்தியும் சீம்பால் குடிப்பதிலும் சூட்டைக் காப்பதிலும் போகிறது. ரத்தம் உறைவதற்கான பொருட்களைத் தயாரிக்கும் ஈரலும் முதல் ஓரிரு நாள் முழுதாக வேலைக்கு வந்திருக்காது, சிறு வெட்டும் கசிந்துகொண்டே இருக்கும். ஐந்து நாளைத் தாண்டினால் எலும்பு கெட்டிப்படுகிறது, ரத்தக்குழாய் பெரிதாகிறது, தையல் அவசியமாகிறது. கண் திறந்துவிட்டால், அதாவது 10 முதல் 14 நாள் ஆகிவிட்டால், அந்த வாய்ப்பு முடிந்தது. இங்கிலாந்தின் 2007ஆம் ஆண்டு விதிமுறையும் கண் திறக்காத குட்டிக்கு மட்டுமே மயக்க மருந்தில்லாமல் டியூ கிளா எடுக்க இடம் கொடுக்கிறது.

மயக்க மருந்து வேண்டாம் என்று ஒரு விதி சொல்வதால் வலிக்காது என்று ஆகிவிடாது. பிறந்த குட்டிக்கு வலி நரம்புகள் வேலை செய்கின்றன. வலியை அடக்கும் பகுதிதான் இன்னும் வளரவில்லை. 'ஒரு சத்தம் போட்டுட்டுப் பால் குடிக்கப் போயிடும்' என்பது பார்ப்பவருக்கு ஆறுதல், அவ்வளவுதான். அதனால் மரப்பு ஊசி போடும் மருத்துவரையே தேடுங்கள். ஆனால் அந்த ஊசியை வீட்டில் போட நினைத்துவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள்: கிலோ எடைக்கு 2 மில்லிகிராம் லிக்னோகெய்ன் என்று வைத்தால், 400 கிராம் குட்டிக்கு நான்கு காலுக்கும் சேர்த்தே 0.8 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் 2 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் மொத்தத் தேவை 0.04 மில்லி, 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் நான்கு யூனிட். கண்மதிப்பாகக் கால் மில்லி ஏற்றினால் அது ஆறு மடங்கு. குட்டிக்கு வலிப்பு வந்து இதயம் நின்றுபோக அது போதும்.

எந்தக் குட்டியை அன்று தொடக்கூடாது என்பதை எடை சொல்லும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். முதல் நாள் லேசாகக் குறையலாம். அதன்பின் பிறந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் நாள்தோறும் ஏற வேண்டும். ஏறாத குட்டி, சப்பும் பலமில்லாத குட்டி, தொட்டால் குளிர்ந்திருக்கும் குட்டி, தொப்புள் சிவந்த குட்டி ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். நான்காம் நாள் தேறினால் சரி, தேறாவிட்டால் அந்த நகத்தோடே வளரட்டும். பின்கால் நகம் எந்தக் குட்டியையும் ஒரே வாரத்தில் கொல்லாது.

மருத்துவரை வீட்டுக்கு அழைப்பதே நல்லது. ஆஸ்பத்திரியில் பார்வோ என்ற குடல் தொற்றுநோய் கண்ட நாய் படுத்த தரையில் குட்டிக் கூடையை வைத்தால், வரும் ஆபத்து நகத்தைவிடப் பெரியது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் விடிகாலையில் கிளம்புங்கள். காற்றுப் போக ஓட்டை போட்ட தெர்மாகோல் பெட்டியில், துண்டு சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலோடு குட்டிகளை வையுங்கள். பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம், மடியிலோ மேசைமேலோ வையுங்கள். பைக்கில் எதிர்காற்றில் கொண்டுபோவது கூடாது.

குட்டியின் இயல்பான உடல்சூடு முதல் வாரத்தில் 35 முதல் 36 டிகிரி செல்சியஸ்தான். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறமை அந்த வயதில் கிடையாது. வைக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும். தாயைச் சத்தம் எட்டாத தூரத்துக்குக் கூட்டிப்போய்விடுங்கள். குட்டி கத்துவதைக் கேட்ட தாய் மருத்துவரைக் கடிக்கும், அல்லது பதற்றத்தில் குட்டியை வாயில் கவ்வி இடம் மாற்றப் பார்க்கும். மொத்த வேலையும் அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். பெரிய ஈற்றாக இருந்தால் மூன்று குட்டி முடித்து, தாயிடம் விட்டு, பிறகு மீதி.

வேலை என்ன என்பது தெரிந்திருந்தால் சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள முடியும். முடியைக் கத்தரித்து, வெதுவெதுப்பான குளோர்ஹெக்சிடின் கரைசலால் துடைப்பார்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது குட்டியைக் குளிர வைக்கும், அதனால் நனைய நனையத் தடவக்கூடாது. மரப்பு மருந்து வேலை செய்யச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு தொங்கும் விரலின் அடியில், காலோடு ஒட்டினாற்போல், சிறிய வளைந்த ரத்தமடக்கி இடுக்கியைப் போட்டு ஒரு நிமிடம் அழுத்தி, அதை ஒட்டி வெட்டுவார்கள். விரலை இழுத்துப் பிடித்து வெட்டினால் தோல் அதிகமாகப் போய்விடும், விளிம்புகள் சேராது. வெட்டியபின் சுத்தமான துணியால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால் சில்வர் நைட்ரேட் குச்சியால் ஒரு தொடு. அது அதிகமானால் சுற்றியுள்ள தோல் வெந்துபோகும். மூட மருத்துவப் பசையோ, தானே கரையும் மெல்லிய நூலில் ஒரு தையலோ போதும். வெளியே நீட்டிய நூல்நுனியைத் தாய் நக்கி இழுத்துவிடும், எனவே பசையும் உள்தையலும் மேல்.

வெட்டியெடுத்ததைத் தட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நகமும் அதைத் தாங்கும் எலும்பும் முழுசாக இருக்க வேண்டும். நகம் முளைக்கும் வேர் அந்த எலும்பை ஒட்டித்தான் இருக்கிறது. அதில் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் ஆறு மாதம் கழித்துத் தோலுக்கடியிலிருந்து கோணலான, தடித்த நகம் ஒன்று முளைத்துவரும். எடுத்த நகம் மறுபடி வந்தது என்று சொல்லப்படுவதெல்லாம் பாதி எடுத்த நகம்தான். பிறகு வளர்ந்த நாயை மயக்கிப் படுக்கவைத்துத் தோண்ட வேண்டியிருக்கும்.

நூலால் இறுக்கிக் கட்டிக் காயவைத்து உதிரவைக்கும் முறையை இன்னும் சிலர் செய்கிறார்கள். செய்யவே கூடாது. நூலுக்குக் கீழே இருக்கும் சதை உயிரோடு அழுகி விழ நாள்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் வலி, அத்தனை நாளும் கிருமிக்குத் திறந்த வாசல். காற்றுப் புகாத அழுகலில்தான் டெட்டனஸ் கிருமி வளரும். நகவெட்டியால் வீட்டில் வெட்டுவதும் அப்படியே. வெட்டு நசுங்கி, வேர் உள்ளே தங்கி, ரத்தமும் நிற்காது. வெட்டிய இடத்தில் சுண்ணாம்பு வைத்தால் தோலை அரிக்கும். வேப்பெண்ணெய், டர்பன்டைன் எல்லாம் தாய் நக்குவதால் அதன் வயிற்றுக்கும், முலைக்காம்பு வழியே குட்டியின் வாய்க்கும் போகும்.

ரத்தம் எவ்வளவு போனால் பயப்பட வேண்டும்? நாயின் உடலில் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லி ரத்தம். 400 கிராம் குட்டியிடம் மொத்தமே 32 மில்லிதான் இருக்கிறது. 3 மில்லி, அதாவது அரை டீஸ்பூனைவிடச் சற்று அதிகம் சிந்தினால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. துணியில் பரவிய சிறு கறை என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு காலையும் பாருங்கள். அடியில் வெள்ளைத் துணி விரித்திருந்தால் கசிவு உடனே தெரியும். பழைய வேட்டி இதற்கு மிகவும் ஏற்றது. சாக்கு வேண்டாம், நார் காயத்தில் ஒட்டும். மணலும் மரத்தூளும் வேண்டாம். கசிந்தால் ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்துவிடும். ஈறு வெளுத்து, குட்டி துவண்டால் உடனே மருத்துவர்.

முடிந்ததும் குட்டியைச் சூடேற்றித் தாயின் காம்பில் வையுங்கள். பால் சப்புவதே அந்த வயதில் நல்ல வலி ஆற்றி. மனிதருக்கான வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது குட்டியைக் கொல்லும். நாய்களுக்குக் கொடுக்கும் வலி மருந்தான மெலாக்சிகாம் கூட ஆறு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு இல்லை.

அடுத்த நான்கைந்து நாள் காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். லேசான சிவப்பும் பொருக்கும் இயல்பு. இரண்டாம் மூன்றாம் நாளில் கால் பருத்து, சூடாகி, சீழ் கண்டால் கிருமி. ஒரு குட்டி மட்டும் கூட்டத்தை விட்டு ஒதுங்கிக் கத்திக்கொண்டே இருந்தால், காலைப் பார்ப்பதற்கு முன்பே எடையைப் பாருங்கள், அங்கே முதலில் தெரியும். நம் வெயிலில் இன்னொரு எதிரி ஈ. ஈரக் காயத்தில் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். கொசுவலை போட்ட இடத்தில் வையுங்கள், ஈரத் துணியை உடனுக்குடன் மாற்றுங்கள். ரத்த வாடைக்கு எறும்பும் வரும், கட்டில் அல்லது பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். ஈ விரட்டும் மருந்தைக் குட்டிமேல் தெளிக்காதீர்கள்.

நாள் தவறிவிட்டதா? பதற்றப்பட்டு எட்டாம் நாளோ பத்தாம் நாளோ எடுக்க ஓட வேண்டாம். அதுவே எல்லாவற்றிலும் கெட்ட நேரம். குட்டி வளரட்டும். பின்கால் நகத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவந்தாலே பல நாய்களுக்கு ஆயுள் முழுக்க எடுக்க வேண்டியிருக்காது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் கருத்தடை அறுவை செய்யும் அதே மயக்கத்தில் சேர்த்து எடுக்கலாம். அப்போது கட்டு, கழுத்துக் கூம்பு, 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பு. ஒன்றை மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: இது கிரேஹவுண்டு உடல்வாகு கொண்ட, கொழுப்பே இல்லாத நாய் என்று. அப்படிப்பட்ட உடலில் தயோபென்டோன் மயக்கம் தெளிய நெடுநேரம் ஆகும், வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி அறுவை செய்ய வேண்டியவர் பதிவுபெற்ற மருத்துவர். அழகுக்காகப் பூசாரியோ தரகரோ வெட்டிக்கொடுப்பதற்கு இந்த இரண்டிலும் இடமில்லை. காட்டில் முயல் விரட்டுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் குற்றமாகிவிட்டது. எனவே 'வேட்டைக்குப் போகிற நாய், எடுத்தே ஆகணும்' என்ற வாதமும் இன்று நிற்காது. தோட்டக் காவலுக்கும் ஓட்டத்துக்கும் வளர்க்கிறோம், அந்த ஓட்டத்துக்கு முன்கால் நகம் வேண்டும்.

நகத்தை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் அதைப் பராமரிப்பதும் அந்த முடிவில் சேர்த்தி. இரண்டாம் வாரத்திலிருந்தே எல்லா நகத்தின் நுனிக் கொக்கியையும் வாரம் ஒருமுறை மனித நகவெட்டியால் நறுக்குங்கள். பால் குடிக்கும்போது தாயின் மடியைக் கீறி ரணமாக்குவதும் நிற்கும், கால் பிடித்தால் சும்மா இருக்கும் பழக்கமும் குட்டிக்கு வரும். வளர்ந்தபின் மற்ற நகங்கள் தரையில் தேய்ந்துவிடும், டியூ கிளா அவ்வளவு தேயாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். வெளிர் நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக ஓடும் சதை தெரியும், அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் தெரியாது. அதைச் சிறு சிறு துண்டாக நறுக்கிக்கொண்டே வெட்டுமுகத்தைப் பாருங்கள், நடுவில் ஈரமான கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தவறி ரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடித்தால் நிற்கும். பல மாதம் வெட்டாமல் நீண்டுவிட்டதை ஒரே நாளில் குட்டையாக்க முடியாது, உள்ளே சதையும் சேர்ந்து நீண்டிருக்கும். வாரம் ஒரு துளியாக வெட்டினால் சதை பின்வாங்கும்.

முள்காட்டுப் பக்கம் ஓடவிடும் நாட்களில் ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணியை மணிக்கட்டைச் சுற்றி இரண்டு சுற்று போட்டு நகத்தைக் காலோடு அணைத்துவைக்கலாம். சுற்றும்போது இழுக்கக்கூடாது, உங்கள் சுண்டுவிரல் உள்ளே நுழைய வேண்டும். ஓட்டம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் பாதம் வீங்கிவிடும்.

குட்டியைக் கொடுக்கும்போது வாங்குபவரிடம் நகத்தைத் தொட்டுக்காட்டி, அவர் கையால் ஒருமுறை வெட்டவைத்து அனுப்புங்கள். பின்கால் விரல் இருந்ததா, எடுத்தீர்களா, எந்தத் தேதியில் என்பதையும் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிக்கொடுங்கள். அந்த நாயை நாளை இனப்பெருக்கத்துக்கு விடும்போது, பார்வைக்குத் தெரியாமல் போன அந்தப் பண்பு அட்டையில் இருக்கும்.